மணல் நகர்கிறது, கன்று சாகிறது: தேரி நிலத்தில் மரம் வைப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை பூலோவில் நாற்றங்கால் நடத்தும் எனக்கு மழையில்லை என்று கவலைப்பட வேண்டிய நாள் ஆண்டில் பத்துகூட வராது. ஆனால் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில், குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டின் ஓரத்தில், அப்பா விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் செம்மணல் இருக்கிறது. 2011-இல் அங்கே 140 முந்திரிக் கன்றுகளை வைத்துவிட்டு விமானம் ஏறினேன். அடுத்த ஆடி முடிந்தபோது ஒன்பதுதான் நின்றன. அதன்பின் ஆண்டுக்கு இருமுறை போய்த் தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அந்தச் செய்தி செந்தூலிலும் கிள்ளானிலும் இருக்கும் உறவுக்காரர்களுக்குப் பரவி, இப்போது அவர்கள் நிலத்துப் படங்களும் என் கைப்பேசிக்கு வருகின்றன. ராஜஸ்தானிலும் வளைகுடா நாடுகளிலும் நடவு வேலை பார்க்கும் தம்பிமார் சிலரும் அனுப்புகிறார்கள்.

படங்கள் வேறுவேறாக இருந்தாலும் குறைகள் ஏழெட்டுதான், அவற்றிலும் பாதிக்கு மேல் வேலையின் வரிசையைத் தலைகீழாகச் செய்ததால் வருபவை. மரம் மணலை நிறுத்தும் என்று நம்பித்தான் எல்லாரும் நடுகிறோம். முதல் இரண்டு ஆண்டுகளில் மரம் எதையும் நிறுத்துவதில்லை. அந்தக் காலத்தில் மணலைப் பிடித்து வைப்பவை காய்ந்த ஓலையும் முள்ளும் புல்லும்தான். கெப்போங்கில் பழைய ஈயச் சுரங்க (லம்பத்து) நிலத்தில் எழும்பி நிற்கும் காட்டைப் பார்த்துவிட்டு, மணலில் கன்றை வைத்தால் தானாக வந்துவிடும் என்று ஊருக்குப் போகிறவர்கள், கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது என்பதையும், மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்று என்ற ஒன்று இங்கே இல்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

## எதையும் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

ஒரு மீட்டர் நீளமுள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் ஐந்தை எடுத்து, 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, பாதி உயரம் மணலுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். ஒன்று காற்றடிக்கும் பக்கத்து அடிவாரத்தில், ஒன்று அதே பக்கத்து நடுச்சரிவில், ஒன்று உச்சியில், ஒன்று காற்று நேரே படாத, செங்குத்தான மறைவுப் பக்கத்தில், ஒன்று கன்றுகள் நிற்கும் சமதரையில். காற்றுக் காலத்தில் மூன்று நாளுக்கொரு முறை, மணல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஐந்து எண்கள் இல்லாமல் வருகிற எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்வதில்லை. மணல் ஏறுகிற இடத்துக்கும் இறங்குகிற இடத்துக்கும் மருந்து நேர்மாறானது. கண்ணால் பார்த்து இது ஏறுகிற இடம், இது இறங்குகிற இடம் என்று சொல்பவர்கள் இரண்டில் ஒரு முறை தவறாகச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

படத்தை மாலை ஆறு மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள். அங்கே ஆறு என்றால் இங்கே எட்டரை, சாப்பிட்டுவிட்டுப் பார்க்க வசதியான நேரம் என்பது ஒரு காரணம். சாய்ந்த வெயிலில்தான் மணல் அலைகளின் வரிகள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும் என்பதே முக்கியமான காரணம். அந்த வரிகள் காற்றுக்குக் குறுக்காக ஓடும். வரிகளுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் காற்றின் திசை கிடைத்துவிடும். நண்பகலில் எடுத்த படத்தில் மணல் வெறும் சிவப்புத் துணிபோல இருக்கும்.

கடைசியாக, செத்த கன்று ஒன்றின் அருகில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி அதையும் படம் எடுக்க வேண்டும். செத்த கன்றைப் பிடுங்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பல நேரம் காரணத்தைச் சொல்லும் ஒரே சாட்சி அதுதான்.

## அறிகுறி: கன்று மணலுக்குள் புதைகிறது

இதுவே எனக்கு மிகுதியாக வரும் குறை. செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

### கன்று மறைவுப் பக்கத்தில் இருந்தால்

மணற்குன்றுக்கு இரண்டு முகங்கள். காற்றடிக்கும் பக்கம் மெதுவாக ஏறும். மறுபக்கம் ஏறத்தாழ 32 முதல் 34 பாகைச் சரிவில் சடாரென இறங்கும். உச்சியைத் தாண்டிய மணல் அந்தச் சரிவில்தான் வழிந்து விழுகிறது. அதன் அடிவாரம் நிழலாகவும் காற்றில்லாமலும் இருப்பதால், புதிதாக நடுபவர்கள் அங்கேதான் முதலில் கன்றை வைக்கிறார்கள். அந்த இடத்தில் வைத்த கன்று, இறங்கிவரும் மணலின் வாயில் வைத்த கன்று. சரிபார்ப்பு எளிது: சரிவில் காலை வைத்தால் மணல் தானாகச் சரிந்து இறங்குகிறதா என்று பாருங்கள். சரிந்தால் அங்கே எந்த மரமும் வேண்டாம். காற்றடிக்கும் பக்கத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரம்வரை தடுப்பும் நடவும் முடித்தபின், உச்சி தானாகத் தாழ்ந்து அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சிறிய குன்று பெரிய குன்றைவிட வேகமாக நகரும் என்பதால், ஆள் உயரக் குன்றைப் பார்த்து இது என்ன செய்துவிடப்போகிறது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

### கன்று வேலிக்குப் பின்னால் இருந்தும் புதைந்தால்

இந்தக் கேள்வி முதன்முதலில் என் சித்தப்பா மகனின் நிலத்துக் காவல்காரரிடமிருந்து வந்தது. "அண்ணாச்சி, வேலி போட்ட இடத்துலதான் கன்னு முழுகிட்டு, போடாத இடத்துல நல்லா நிக்கி" என்றார். படத்தைப் பார்த்தால், பழைய தகரமும் சிமெண்டுச் சாக்கும் வைத்து ஒரு விரல்கூட நுழையாத சுவராக வேலி எழுப்பியிருந்தார்கள். அடைத்த சுவரில் மோதும் காற்று மேலேறிக் குதித்து, சுவரை ஒட்டியே சுழன்று, சுமந்துவந்த மணலையெல்லாம் அங்கேயே கொட்டும். சுவரின் இரண்டு முனைகளிலும் பள்ளம் பறிக்கும். வேலியின் பரப்பில் ஏறத்தாழப் பாதி ஓட்டையாக இருக்க வேண்டும், 40 முதல் 50 விழுக்காடு. வேலியை நேராகப் பார்க்கும்போது மறுபக்கம் நிற்கிற ஆளின் முகம் தெரியாமல், ஆனால் சட்டை நிறம் தெரிகிற அளவு என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

தேரியில் இதற்குப் பனைமட்டையைவிட நல்ல பொருள் இல்லை, அதுவும் அங்கே சும்மா கிடைக்கிறது. செய்முறை இதுதான்: காற்றுக்குக் குறுக்காகக் கயிறு கட்டி, கயிற்றின் வழியே ஒரு சாண் ஆழத்துக்குக் கோடு பறிக்க வேண்டும். மட்டையின் தடித்த அடிப்பகுதியைக் கோட்டுக்குள் வைத்து, ஓலை மேல்நோக்கி இருக்க, ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னொரு மட்டை அகலம் விட்டு நிறுத்தி, இரண்டு பக்கமும் மணலைத் தள்ளிக் குதிகாலால் மிதிக்க வேண்டும். காய்ந்த மேல்மணலைத் தள்ளி மிதித்தால் மட்டை ஒரு வாரத்தில் சாய்ந்துவிடும். அடியிலிருந்து வரும் ஈரமணலையே திரும்ப இட வேண்டும். கன்றை வேலியை ஒட்டி வைக்காமல் வேலி உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தள்ளி வைக்கலாம்.

### வேலி இருந்தது, இப்போது தெரியவில்லை என்றால்

வேலி புதைவது அது வேலை செய்ததற்கான அடையாளம். அதே மேட்டின்மேல் இரண்டாவது வரிசை போட வேண்டும், அவ்வளவுதான். முதல் ஆண்டுச் செலவிலேயே இரண்டாவது வரிசைக்கான ஓலையையும் கூலியையும் சேர்த்து எடுத்து வைக்காதவர்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்கிறார்கள்.

### எல்லாம் சரியாக இருந்தும் புதைந்தால்

இரண்டு காரணங்கள் எஞ்சுகின்றன. ஒன்று, மர வகை. சவுக்கும் சிறுசவுக்கும் தண்டு புதைந்தால் புதைந்த இடத்திலிருந்தே புது வேர் விட்டு மேலெழும்பும். ராஜஸ்தானில் போக் என்று சொல்லும் புதரும் அப்படியே. முந்திரியும் வேம்பும் அப்படியில்லை. கழுத்துவரை மணல் ஏறினால் ஒரு பருவத்தில் முடிந்துவிடும். செனகலின் கடற்கரை மணலில் 1948 முதல் சவுக்கை வரிசையாக நட்டுவந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

மற்றொன்று, மணல் உங்கள் நிலத்திலிருந்து வராமல் மேற்கே உள்ள நிலத்திலிருந்து வருவது. அங்கே யாராவது உடைமரத்தையும் கொழிஞ்சியையும் வெட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படியிருந்தால் உங்கள் மூன்று ஏக்கருக்குள் நீங்கள் செய்யும் எதுவும் போதாது. குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. அதன் எல்லைக்குள் ஒரு மட்டையைக்கூட அனுமதியில்லாமல் ஊன்றக் கூடாது. வனச்சரக அலுவலகத்துக்குப் போகவேண்டிய இடம் இதுதான்: குழாய்க் குறிப்பு நோட்டையும் பட்டா நகலையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கோலாலம்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்னால் வேலை நடக்காது.

## அறிகுறி: வேர் வெளியே தெரிகிறது, கன்று சாய்கிறது

முதலில் நட்ட ஆழத்தைக் கேளுங்கள். இங்கே பொலிபேக் (கன்று வளரும் பிளாஸ்டிக் பை) உயரத்துக்குக் குழி எடுத்து, மண் மட்டத்துக்குச் சமமாக வைத்துப் பழகிய கை, அங்கேயும் அதையே செய்யும். தேரியில் பை உயரத்தைப்போல் இரு மடங்கு ஆழத்தில், கன்றின் கீழ்த்தண்டில் ஒரு பகுதியும் உள்ளே போகும்படி வைத்தால்தான் ஓர் ஆடியின் பறிப்பைத் தாங்கும். இந்த ஆழ நடவுக்கு உயரமான, தண்டு முற்றிய கன்று வேண்டும். குட்டையான தளதளப்பான கன்று நாற்றங்காலில் பார்க்க அழகாக இருக்கும், மணலில் உதவாது. நாற்றங்கால்காரனாக இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்.

ஆழம் சரி, ஆனாலும் வேர் தெரிகிறது என்றால் தரைக்கு மூடாக்கு இல்லை. மணலில் பெரும்பகுதி முழங்கால் உயரத்துக்கும் கீழே, தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் போகிறது. காற்று மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரைத் தொட்டாலே காய்ந்த மணல் கிளம்பிவிடும். ஆகவே தடுப்பு உயரமாக இருப்பதைவிட நெருக்கமாக இருப்பதே முக்கியம். சீனாவின் தெங்கர் பாலைவனத்தில், சாபோதௌ என்ற இடத்தில், பௌதௌ–லான்ஜோ ரயில் பாதையை மணலிடமிருந்து காக்க 1950-களில் செய்ததை நான் அப்படியே பின்பற்றுகிறேன். கோதுமை வைக்கோலை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரங்கக் கட்டமாக மணலில் அழுத்தி, 10 முதல் 20 சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி விட்டு, அந்தக் கட்டங்களுக்குள் புதர்களை நட்டார்கள். ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடத்தில் 1958-இல் திறந்த பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. ராஜஸ்தானில் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் கற்றுத்தரும் முறையில் வைக்கோலுக்குப் பதில் முள்ளும் சுள்ளியும். வரிசைகளுக்கிடையே 2 முதல் 5 மீட்டர்.

எங்கள் நிலத்தில் வைக்கோல் வாங்கக் கட்டுப்படியாகாததால், பனையோலையைக் கிழித்து முழ அகலக் கட்டுகளாக்கி, ஒன்றரை மீட்டர்க் கட்டங்களாக இட்டோம். ஓலை மூன்று ஆண்டுகளுக்குள் மட்கிவிடும். அதற்குள் கொழிஞ்சியும் புல்லும் கட்டத்துக்குள் வந்துவிட வேண்டும், வராவிட்டால் மறுபடியும் இட வேண்டும்.

கட்டமெல்லாம் நன்றாக நிற்க, ஒரே ஒரு இடத்தில் மட்டும் குழி விழுந்துகொண்டே போகிறது என்றால், அங்கே காலடித் தடத்தைத் தேடுங்கள். ஆடு போகிற வழி, தண்ணீர் எடுக்கப் போகிற ஒற்றையடிப் பாதை, மோட்டார் சைக்கிள் திரும்புகிற இடம், இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். பாதை காற்றின் திசையிலேயே ஓடினால் அதுவே காற்றுக்கு வாய்க்கால். குழியை மண் போட்டு மூடுவதால் பயனில்லை. பாதையைக் காற்றுக்குக் குறுக்காக வளைத்துவிட்டு, பழைய வழியில் முள் போட வேண்டும். ஆடுகளுக்கு வேலி கட்ட முடியாத நிலத்தில் மரம் வைப்பதைப் பற்றி நான் பேசுவதே இல்லை.

செலவு மிகுந்த தவறு ஒன்று உண்டு; இதை என் சொந்தக்காரர் ஒருவர் செய்தார். மேடு இருந்தால்தானே நகரும் என்று, ஊரில் ஓர் ஒப்பந்தக்காரரை வைத்து ஜேசிபியால் குன்றைச் சமமாக்கினார். பல காலமாக மேலே இறுகியிருந்த படலமும் அதைப் பிடித்திருந்த வேர்களும் போய், அடியில் இருந்த தளர்மணல் வெயிலுக்கு வந்தது. அடுத்த ஆடியில் அவ்வளவும் கிழக்கே பக்கத்து வீட்டாரின் முருங்கைத் தோட்டத்தில் போய்ப் படிந்து, பேச்சுவார்த்தை இரண்டு ஆண்டுகள் நடந்தது. குன்றைச் சமமாக்கலாம் என்று யார் சொன்னாலும், அதற்கு முன் மண் பாதுகாப்புத் தெரிந்த பொறியாளர் ஒருவரை நிலத்துக்கு வரவழைத்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் கட்டணம் ஜேசிபியின் ஒரு நாள் வாடகையைவிடக் கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம்.

## அறிகுறி: கன்று நிற்கிறது, ஆனால் வாடிக் காய்கிறது

மணல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குழாய்க் குறிப்பு அப்படியே இருக்கிறது. அப்படியானால் குழிக்குள் பாருங்கள்.

### குழியில் ஈரம் எங்கே தொடங்குகிறது?

மழைக்காலம் முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆனபின்பும், வெறும் மணற்குன்றில் முழங்கை ஆழத்துக்குக் கீழே ஈரம் இருக்கும். மேலே காய்ந்த மணல் மூடிபோல இருந்து அதைக் காப்பாற்றுகிறது. கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாக நின்று, கட்டைவிரலால் தொட்டதும் உதிரும் மணல் ஈரமணல். கன்றின் வேர்க்கட்டி அந்த மட்டத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தால், நடவு ஆழமில்லை என்பதே விடை. உரமும் மருந்தும் வேண்டாம். காய்ந்த மணலில் உரம் இட்டு எஞ்சியிருந்த கன்றுகளையும் கருக்கியவர்கள் உண்டு.

### ஈரம் இருக்கிறது, வேர் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால்

இது நாற்றங்காலின் குற்றம். செத்த கன்றின் வேர்க்கட்டியைக் கத்தியால் நெடுக வெட்டிப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும்.

பை அப்படியே இருக்கலாம். சிரிக்காதீர்கள்; நூறு கன்றுக்கு ஐந்தாறு இப்படித்தான் நடப்படுகிறது, கூலி கன்றுக் கணக்கில் என்றால் இன்னும் கூடும்.

வேர் பையின் அடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். நாற்றங்காலில் காலங்கடந்து நின்ற கன்று அது. நடும்போது அடிப்பகுதியை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியெறிந்துவிட்டு, பக்கங்களில் நெடுக இரண்டு கீறல் போட்டு நட்டால் தப்பும். அடுத்த முறை அந்த நாற்றங்காலில் வாங்க வேண்டாம்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. தென்னைநார்த் தூளும் கரிமண்ணும் கலந்த நாற்றங்கால் கலவை, ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் திரும்பத் தண்ணீரை ஏற்காது. நீங்கள் ஊற்றும் வாளித் தண்ணீர் வேர்க்கட்டியைச் சுற்றி மணல் வழியே இறங்கிவிடும். சுற்றிலும் ஈரம் இருக்க, கட்டிக்குள் வேர் தாகத்தால் சாகும். நட்ட கன்று ஒன்றுக்கு அரை லிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துத் தோண்டி வெட்டிப் பாருங்கள். நடுவில் கலவை வெளிர்நிறமாக, தூள்தூளாக இருந்தால் இதுதான் குறை. நடுவதற்கு முந்தைய இரவு முழுவதும் பைகளைத் தொட்டியில் ஊறவைப்பதும், கலவையில் பாதியாவது அந்த ஊர் மணலையே சேர்க்கச் சொல்வதும் தீர்வு. இங்கே நாம் பயன்படுத்தும் கலவை தினமும் மழை பெய்கிற ஊருக்கானது. அதை நான் அங்கே சிபாரிசு செய்தது என் பிழை.

### வேரும் ஈரமாக இருந்து கன்று காய்ந்தால்

தண்டின் அடியைத் தேய்த்துப் பாருங்கள். பட்டை கழன்று மண்பூச்சு தெரிந்தால் கறையான். நடும் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு இட்டு, காய்ந்த ஓலைத் தூளை வேரோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். தொடர்ந்து வந்தால் மாவட்ட வேளாண் அறிவியல் மையத்தில் கேளுங்கள்; கடையில் கொடுக்கும் மருந்தைப் பெயர் தெரியாமல் ஊற்ற வேண்டாம்.

இலையின் நுனியும் விளிம்பும் பழுத்துக் கருகி, தண்ணீர் ஊற்றிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு இருந்தால் உப்பு. கடற்கரைப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் இது சாதாரணம். மின்கடத்துதிறனைக் கொண்டு உப்பை அளக்கும், கைக்கு அடக்கமான ஈசி மீட்டர் ஒன்று வாங்கிக் கிணற்றுத் தண்ணீரை அளந்து பாருங்கள். மண் பரிசோதனையில் அந்த எண் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்மண் என்று கணக்கு. உப்பைத் தாங்கும் மரத்துக்கு மாறலாம். சிறுசவுக்கு அதில் தேறும், சவுதி அரேபியாவின் அல்-அஹ்ஸாவில் 1960-களில் சோலையை மணலிடமிருந்து காக்க நட்டது அதன் இனத்தைத்தான். ஆனால் அதன் இலையிலிருந்து உதிரும் உப்பு கீழே தங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு நட வேண்டும். புதுக் கிணறு தோண்டவோ சொட்டுநீர் போடவோ பணம் எடுக்கும் முன் மண்ணையும் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தூத்துக்குடி மாவட்டக்காரர்களுக்குக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.

### தண்ணீர் தினமும் ஊற்றுகிறோம், ஆனாலும் வாடுகிறது என்றால்

தினமும் ஊற்றுவதுதான் காரணம். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே இருக்கும். மேலே இருக்கும் வேர் ஒரு நாள் ஆள் வராவிட்டால் சாகும். ஒரு முழ நீளக் குழாயில் ஓட்டை போட்டுக் கன்றருகே செங்குத்தாகப் புதைத்து, வாரம் ஒருமுறை அதன் வழியாக ஒரு வாளி விடுங்கள். முதல் ஆண்டுக்குப் பின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் நிறுத்திவிட வேண்டும்.

### முதல் மூன்று நான்கு ஆண்டுகள் நன்றாக வளர்ந்து, பிறகு கூட்டமாகக் காய்ந்தால்

நெருக்கி நட்டிருக்கிறீர்கள். மழை கொடுக்கும் ஈரத்துக்கு மேல் மரங்கள் குடிக்கின்றன. சாபோதௌவிலும் நட்ட புதர்கள் ஆழத்து ஈரத்தை இழுத்துத் தீர்த்தபின் பல காய்ந்தன; அங்கே அதற்குள் மணலின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த படலம் உருவாகிவிட்டதால் மணல் கிளம்பவில்லை. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒன்றுவிட்டு ஒன்று வெட்டுங்கள். வெட்டிய கிளையை அங்கேயே பரப்புங்கள்; அந்தப் படலத்தின்மேல் வண்டி ஓட்டாதீர்கள்.

## அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது

மேற்குப் பக்கத்து இலை மட்டும் கருகி, தண்டின் மேற்குப் பக்கப் பட்டை கணுக்கால் உயரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் வழவழப்பாக இருந்தால், அது நோயில்லை, மணல் அடித்த காயம். கன்றுக்கு மேற்கே ஒரு பனையோலையை அரைவட்டமாக ஊன்றினால் போதும். கறுப்பு பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்ட ஒருவர், கன்றை உள்ளேயே வேகவைத்துவிட்டார். முட்டுக்கம்பில் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கயிறு தேய்க்கும் இடமும் மணல் தேய்க்கும் இடமும் ஒன்றாகிவிடும்.

## அறிகுறி: பச்சை வெளிறி, வளராமல் நிற்கிறது

சவுக்காக இருந்தால் வேரில் முண்டு இருக்கிறதா என்று பாருங்கள். முண்டுக்குள் இருக்கும் நுண்ணுயிர்தான் அதற்குத் தழைச்சத்து கொடுக்கிறது. புது மணலில் அது இல்லாமல் இருக்கலாம். நன்றாக வளர்ந்த சவுக்குத் தோப்பின் அடிமண்ணை ஒரு சாக்கு எடுத்து நாற்றங்காலில் கலந்தால் தீர்ந்தது.

## அறிகுறி: விதை தூவினோம், ஒன்றும் வரவில்லை

தடுப்புக் கட்டம் போடாமல் தூவினால் விதை அடுத்த கிராமத்தில் முளைக்கும். கட்டம் போட்ட பின்னும் வராவிட்டால் பருவத்தைப் பாருங்கள். தேரிக்கு ஐப்பசி மழைதான் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர்வரை. ஆனி ஆடியில் மேற்கே மலைக்கு அப்பால் மழை கொட்டும்போது தேரியில் வறண்ட காற்றுதான் வரும். ராஜஸ்தானுக்கு ஜூலையின் முதல் நல்ல மழை. கோலாலம்பூரில் பள்ளி விடுமுறை எப்போது, விமானக் கட்டணம் எப்போது மலிவு என்று பார்த்து நடவு நாள் குறிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. 2011-இல் நான் நட்டதும் ஜூன் மாதத்தில்தான்.

## அறிகுறி: நட்டது ஒன்று, வளர்ந்தது சீமைக்கருவேல்

ஆட்டுப் புழுக்கையில் விதை வந்திருக்கும். மணலைப் பிடிப்பதில் அதற்கு நிகரில்லை என்பது உண்மை. ஜோத்பூர் சமஸ்தானம் 1940-இல் அதை அரச தாவரமாகவே அறிவித்தது. ஆனால் அது நுழைந்த இடத்தில் வேறொன்றும் தலையெடுக்காது. முழங்கால் உயரத்தில் இருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடலாம். ஆள் உயரம் தாண்டி, மணலைப் பிடித்திருப்பதும் அதுவே என்ற நிலை வந்துவிட்டால், ஒரேயடியாக அகற்றக் கூடாது. மறைவுப் பக்கத்திலிருந்து கீற்றுக் கீற்றாக வெட்டி, வெட்டிய கீற்றில் உடைமரமோ வன்னியோ பனங்கொட்டையோ வைத்து, அது நிலைத்த பின்பே அடுத்த கீற்றுக்குப் போக வேண்டும். ஓர் ஏக்கருக்கு மேல் என்றால் வனத்துறையின் ஆலோசனையோடு செய்யுங்கள்.

## அறிகுறி: மரம் பெரிதாகிவிட்டது, மணல் மறுபடியும் கிளம்புகிறது

எட்டாவது பத்தாவது ஆண்டில் வரும் குறை இது, பெரும்பாலும் நம்மவர்கள் ஊருக்குப் போய்வந்த மறுமாதம். இங்கே சாலையோர மரங்களை அடிக்கிளை இல்லாமல் குடைபோல் வெட்டிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தரையைத் தொடும் கிளை அசிங்கமாகத் தெரிகிறது. ஆள் வைத்துக் கழித்து, கீழே விழுந்த ஊசியிலைச் சருகையும் கூட்டிப் பெருக்கி எரித்துவிட்டு வருகிறார்கள். மேலே இலைக்கூட்டம், கீழே வெற்றுத்தண்டு என்றானபின், காற்று அந்த இடைவெளியில் புகுந்து முன்னைவிட வேகமாகத் தரையைத் துடைக்கிறது.

சரிபார்ப்புக்குக் குழாய்கூட வேண்டாம். மேற்கு வரிசையின் முன் குந்தி உட்கார்ந்து, மறுபக்கத்து அடிவானம் மரங்களுக்குக் கீழே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்த வரிசைக்கு முன்னால் முதல் ஆண்டைப் போலவே பனைமட்டை வேலி ஒன்று போட்டு, அதன் மறைவில் கொழிஞ்சி விதையையும் தரையை அணைத்து வளரும் புதர்களையும் ஐப்பசியில் இட வேண்டும். வெட்டுப்பட்ட சவுக்கில் அடிக்கிளை திரும்ப வராது என்பதால், இரண்டு மரங்களுக்கு இடையே இளங்கன்று ஒன்று வைத்து, அது பக்கக்கிளை விடும்வரை ஆட்டையும் அரிவாளையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சருகைக் கூட்டக் கூடாது என்பதைக் காவல்காரரிடம் மட்டும் சொன்னால் போதாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அக்காவிடமும் மைத்துனரிடமும், கேஎல்ஐஏ விமான நிலையத்தில் வழியனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும்.